தீப்பெட்டிக்குள் வந்த பூச்சி

அந்த வீட்டு மாடத்தில் தீப்பெட்டிகள் அடுக்கியிருக்கும். ஒன்றில்கூடத் தீக்குச்சி இருக்காது. திறந்தால் உள்ளே பஞ்சு, பஞ்சின் மேல் இரண்டோ மூன்றோ பூச்சிகள். உற்றுப் பார்த்தால்தான் அவை உயிருள்ளவை அல்ல என்பது தெரியும். சின்னத் தூண்டில் முள்ளில் சேவல் இறகைச் சுற்றி, பட்டு நூலால் இறுக்கி, கால்கள் விரிந்த ஈ மாதிரி செய்து வைத்தவை. "ஊர்ல எல்லாரும் பூச்சியைக் கொல்றதுக்கு மருந்து தேடுறாங்க. எங்க வீட்டுக்காரர் உக்காந்து பூச்சி செய்யுறாரு" என்பது அவர் மனைவியின் நீண்டநாள் புகார்.

பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் போகும் வழியில், மலை இறக்கத்துக்கு முன்னால் இருக்கிறது அவருடைய ஊர். வயது 63. ஒன்றரை ஏக்கர் மானாவாரியில் கேழ்வரகும் நிலக்கடலையும் மாறி மாறி வரும். கிணற்றுத் தண்ணீரில் முக்கால் ஏக்கர் மல்பெரி. பதினைந்து இருபது நாட்டுக்கோழிகள். இதில் பூச்சி கட்டுகிற வேலை எங்கிருந்து வந்தது என்று கேட்டால் நீலகிரிக்குப் போக வேண்டும்.

1984-ல் இங்கே மழை பொய்த்தபோது, உருளைக்கிழங்குத் தோட்ட வேலைக்கு எமரால்டு பக்கம் போனார். மூன்று வருடம் அங்கே இருந்தார். பக்கத்திலேயே அவலாஞ்சி. ஆங்கிலேயர்கள் தங்கள் ஊர் டிரவுட் மீனை நீலகிரி ஓடைகளில் வளர்க்க ஆசைப்பட்டு, சில முயற்சிகள் தோற்ற பிறகு, 1907-ல் அவலாஞ்சியில் குஞ்சு பொரிக்கும் பண்ணை அமைத்தார்கள். டிரவுட் குளிர்ந்த நீரில் வாழும் மீன். தண்ணீர் 20 டிகிரியைத் தாண்டினால் தவிக்கும். தண்ணீர் மேல் வந்து உட்காரும் ஈ, கொசு வகைகளைத் தாவிப் பிடித்துத் தின்னும். அதனால் அதைப் பிடிக்கப் புழு வேண்டாம், ஈ மாதிரி ஒன்றைக் காட்டினால் போதும்.

தோட்டத்துக்குப் பக்கத்துக் குடியிருப்பில் ஒரு கிழவர் இருந்தார். துரைமார் காலத்தில் மீன் பிடிக்க வருகிறவர்களுக்குத் தூண்டில் தூக்கிப் போனவர். மாலையில் திண்ணையில் உட்கார்ந்து பூச்சி கட்டுவார். இவர் மார்கழிக் குளிரில் அவரிடம் ஒட்டிக்கொண்டார். ஊர் திரும்பும்போது சட்டைப் பையில் ஒரு தீப்பெட்டி, அதற்குள் ஒரே ஒரு பூச்சி. சம்பாதித்துக் கொண்டுவந்தது அதைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான்.

தர்மபுரி வெயிலில் டிரவுட் கிடையாது. ஆனால் தண்ணீர் மேல் விழும் பூச்சியைத் தின்னும் மீன் எங்கும் உண்டு. ஏரியில் விரால் இருக்கிறது. காவிரியில் தண்ணீர் வற்றித் தெளிந்து ஓடும் மாசி, பங்குனியில் வெளிச்சி மேலே துள்ளும். அவர் முதலில் செய்து பார்த்த பூச்சிகளை வெளிச்சி முகர்ந்துவிட்டுப் போய்விட்டது. நூல் தடிமன், இறகு பொருத்தமில்லை. அங்கேதான் நண்பர்கள் தேவைப்பட்டார்கள்.

ஒருவர் ஊட்டமலைப் பரிசல்காரர். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. ஒகேனக்கலில் பரிசல் ஓட்டிப் பிழைப்பவர். அவருக்குத் தெரிந்த தூண்டில் வேறு வகை. கேழ்வரகு மாவைக் கிண்டி, பிசைந்து, முள்ளில் உருட்டிப் பெரிய கெண்டைக்குப் போடுவது. நாம் தின்னும் களியைத்தான் காவிரியின் பொம்மீன் கெண்டையும் விரும்பித் தின்னும் என்பது வெள்ளைக்காரர்களும் கற்றுக்கொண்ட பாடம். அந்தக் கெண்டையில் காவிரிக்கே உரிய திமில் கெண்டை இன்று அழிவின் விளிம்பில் இருக்கிறது. 2018-ல் உலகப் பட்டியலில் மிகுந்த ஆபத்துக்குள்ளான இனமாகச் சேர்த்துவிட்டார்கள். அப்படி ஒன்று இரையைத் தொட்டால் தூண்டிலை அறுத்துவிடுவதே முறை என்று பரிசல்காரர் பலரிடம் சண்டை போட்டிருக்கிறார்.

இன்னொருவர் தர்மபுரியில் பட்டு நூற்பவர். இவர்களைவிடப் பத்து வயது இளையவர். பட்டுக்கூடு அங்காடியில் கூடு ஏலத்துக்குப் போகும்போது பழக்கம். நூலை இரட்டிக்காமல், முறுக்காமல் ஒற்றையாக எடுத்துத் தருவார். அந்த நூல் கையில் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது; இழுத்தால் விரலை அறுக்கும். பட்டு வளர்க்கிறவர்கள் ஒரு செய்தியைத் தெரிந்துகொள்ளலாம். நைலான் நரம்பு வருவதற்கு முன்னால், ஸ்பெயின் நாட்டின் முர்சியா பகுதியில் பட்டுப்புழுவைக் கூடு கட்ட விடாமல் காடியில் ஊறவைத்து, அதன் பட்டுச் சுரப்பியை இழுத்து நீட்டி, காயவைத்துத் தூண்டில் நரம்பாக உலகம் முழுக்க விற்றார்கள். 1938-க்குப் பிறகு நைலான் வந்ததும் அந்தத் தொழில் போனது.

மூன்று பேருக்கும் பேச்சில்லாமலே ஒரு விதி உண்டானது. பூச்சிக்குக் காசு கிடையாது. இவர் இறகு தருவார். நூற்பவர் பட்டு தருவார். பரிசல்காரர் சேலத்திலோ மேட்டூரிலோ முள் வாங்கி வருவார். தை மாதம் கேழ்வரகு அடித்து முடித்த பிறகு களத்தில் உட்கார்ந்து கட்டுவார்கள். கட்டியதை மூன்றாகப் பிரித்துத் தீப்பெட்டியில் போட்டுக்கொள்வார்கள். நடுவில் யாராவது புதிதாக ஒன்று கட்டினால் ஒகேனக்கல் பஸ்ஸில் தீப்பெட்டி போகும், வரும்.

சேவல் வளர்க்கிறவர்களுக்கு அவர் சொல்வது இது. உயிருள்ள சேவலின் இறகைப் பிடுங்கக் கூடாது. தானாக உதிரும் பருவத்தில் பொறுக்கினாலே போதும். கறிக்கு அறுத்த சேவலின் கழுத்துத் தோலையும் உப்புத் தடவிக் காயவைக்கலாம். கழுத்திலும் இடுப்பிலும் வரும் ஒடுங்கிய இறகுதான் பூச்சிக்கு ஆகும். ஒரு வயது தாண்டிய சேவலின் இறகு விறைப்பாக இருக்கும், தண்ணீரில் மிதக்கும். பெட்டையின் இறகு மெத்தென்று இருப்பதால் நீரை உறிஞ்சி மூழ்கும். தண்ணீருக்குள் காட்ட வேண்டிய பூச்சிக்கு அதுதான் நல்லது. இறகு உதிரும் காலத்தில் கோழிக்குப் புரதம் அதிகம் வேண்டும், ஏனென்றால் இறகு முழுக்கப் புரதம்தான். அவர் பழைய பானையில் சாணமும் சாக்கும் ஈரமாக வைத்து, மறுநாள் சேர்ந்த கரையானைக் கொட்டுவார். ஒன்றையொன்று இறகு கொத்துகிறது என்று கேட்கிறவர்கள் முதலில் இடநெருக்கடியையும் புரதக் குறைவையும் பேனையும் பார்க்க வேண்டும். பொறுக்கிய இறகை வெயிலில் காட்டி, காய்ந்த வேப்பிலையோடு மூடி வைத்தால் அந்து விழாது.

கட்டுவது கேட்க எளிது. முள்ளை ஒரு பிடிப்பானில் இறுக்க வேண்டும். அவருடைய பிடிப்பான் சைக்கிள் கடையில் கழித்துப்போட்ட சின்ன வைஸ். நூலில் தேன்மெழுகு தடவி, முள்ளின் காதிலிருந்து வளைவு வரை நெருக்கமாகச் சுற்ற வேண்டும். இறகின் தண்டை வைத்து நான்கு சுற்று. பிறகு இறகையே முள்ளைச் சுற்றி வளைத்தால் அதன் முடிகள் கால் மாதிரி விரியும். கடைசியாக முடிச்சு, முடிச்சின் மேல் ஒரு சொட்டு நகப்பூச்சு. அந்த நகப்பூச்சுக்காகவே பேத்தியோடு தகராறு. நூலை எவ்வளவு இறுக்குவது என்பது மட்டும் சொல்லித் தர முடியாது. கொஞ்சம் தளர்ந்தால் பூச்சி உருண்டுவிடும், கொஞ்சம் இறுகினால் பட்டு அறுந்துவிடும். அதனால் ஒவ்வொருவர் கட்டும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். பத்துப் பூச்சியைக் கலந்து கொட்டினாலும் இது யார் கட்டியது என்று மூவரும் சொல்லிவிடுவார்கள்.

இது புதிய வித்தையும் அல்ல. சுமார் 1,800 ஆண்டுகளுக்கு முன்னால் ஏலியன் என்ற ரோமானியர், மாசிடோனியாவில் முள்ளில் சிவப்புக் கம்பளி நூலைச் சுற்றி, சேவல் தாடிக்குக் கீழே வளரும் இறகு இரண்டைக் கட்டி மீன் பிடித்ததை எழுதி வைத்திருக்கிறார். இன்று இலங்கையிலும் கென்யாவிலும் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து வெளிநாட்டு விற்பனைக்கு இதைக் கட்டுகிறார்கள். இந்தியச் சேவலின் கழுத்துத் தோலும் ஏற்றுமதியானதுண்டு. ஆனால் வெளிநாட்டில் அதிகம் தேடப்பட்டது நம் மலைகளில் கூவும் சாம்பல் காட்டுச்சேவலின் கழுத்து இறகு. அரக்குப் பொட்டு வைத்தது போல வெள்ளையும் மஞ்சளுமாக மின்னும். அதற்காகக் கண்ணி வைத்துக் கொன்றவர்கள் ஏராளம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு வேட்டையும் குற்றம், இறகு விற்பதும் குற்றம். 2022-ல் இந்தப் பக்கக் காடுகள் காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயமாகவும் அறிவிக்கப்பட்டன. ஒருமுறை வெளியூர்க்காரர் ஒருவர் காட்டுச்சேவல் கழுத்துக்கு நல்ல விலை தருவதாகப் பரிசல்காரரிடம் ஆசை காட்டினார். பரிசலை நடு ஆற்றில் நிறுத்தி, இறங்கி நடந்து போகிறீர்களா என்று கேட்டதாகப் பின்னால் சொல்லிச் சிரித்தார்கள்.

இப்படி முப்பது வருடம் போனது. நடுவில் பணம் வந்து விழுந்தது.

2019-ல் நிலக்கடலை விற்ற கையோடு, 40,000 ரூபாயைப் பரிசல்காரருக்குக் கொடுத்தார். வீட்டுக் கூரை மாற்ற. எழுத்து எதுவும் இல்லை. அடுத்த தை மாதம் திருப்புவதாகப் பேச்சு. தை போனது, மார்ச்சில் ஊரடங்கு வந்தது. ஒகேனக்கல் மூடப்பட்டது. சுற்றுலாக்காரர் இல்லையென்றால் பரிசல் இல்லை. எண்ணெய் தேய்ப்பவர், மீன் வறுப்பவர் எல்லாரும் வீட்டில். திறந்த பிறகும் வெள்ளம் வரும்போதெல்லாம் பரிசலுக்குத் தடை. வருமானம் நாள் கணக்கில், தடை வாரக் கணக்கில். இதெல்லாம் இவருக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் இவருக்கும் அந்த வருடம் பட்டுக்கூடு விலை விழுந்து, கூட்டுறவுக் கடன் வாய்தா நெருங்கியிருந்தது.

பென்னாகரத்தில் ஒரு டீக்கடையில், நாலு பேர் நடுவில், "மீன் வறுத்துத் தின்னக் காசு இருக்குது, கடனுக்கு மட்டும் இல்லையா?" என்று கேட்டுவிட்டார். கேட்ட மறுநிமிடமே தப்பு என்று தெரிந்தது என்று இப்போது சொல்கிறார். அப்போது சொல்லவில்லை. பரிசல்காரர் டீயைக் குடித்து முடித்து, காசு வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் போனார். மூன்றாம் நாள் பஸ்ஸில் ஒரு மஞ்சள் பை வந்தது. உள்ளே பதினொரு தீப்பெட்டி. இவர் இத்தனை வருடத்தில் கட்டிக் கொடுத்து, ஆற்றில் தொலையாமல் மிஞ்சிய பூச்சிகள் அத்தனையும்.

அதன் பிறகு இரண்டு வருடம் பேச்சில்லை. தை மாதம் களத்தில் யாரும் உட்காரவில்லை. கடன் கேட்பது நியாயம்தான். கேட்ட இடம் நியாயமில்லை. கிராமத்தில் பாதி உறவு அப்படித்தான் முறிகிறது.

2022 மாசியில் கூடு கொண்டு தர்மபுரி அங்காடிக்குப் போயிருந்தார். ஏலம் முடிந்து சீட்டு வாங்கும்போது நூற்பவர் பக்கத்தில் வந்து ஒரு தீப்பெட்டியைக் கையில் வைத்தார்.

"அண்ணே, இதைப் பாருங்க. நல்லா இருக்குதான்னு சொல்லுங்க."

உள்ளே ஒரே ஒரு பூச்சி. மிக மோசமாகக் கட்டியது. இறகு ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. முடிச்சுக்கு மேல் நகப்பூச்சு இல்லை, மெழுகுவத்திச் சொட்டு. பள்ளிக்கூடப் பையன் யாரோ கட்டியது போலிருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தவர், மறுபடி உற்றுப் பார்த்தார். இறகு செவலை. தன் வீட்டுச் செவலைச் சேவலின் கழுத்து இறகு. ஓரத்தில் மட்டும் கறுப்புக் கோடு ஓடும், வேறு சேவலில் அவர் அப்படிப் பார்த்ததில்லை. அது 2019-ல் கொடுத்த கட்டு. பதினொரு தீப்பெட்டியைத் திருப்பி அனுப்பியவன் இறகுக் கட்டை மட்டும் அனுப்பவில்லை.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. நூல் எதிர்ப்பக்கமாக ஓடியிருந்தது. வலது கையால் சுற்றுகிறவர்களுக்கு நூல் ஒரு பக்கமாக விழும். இது மறுபக்கம். இடது கையால் சுற்றியது.

"அவனுக்குக் கையில என்னாச்சு?"

நூற்பவர் கீழே பார்த்தார். "உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாருண்ணே."

"நீ எங்கப்பா சொன்ன? இதுலயே தெரியுதே."

கார்த்திகை மாதம் ஒரு விடியற்காலையில் பரிசல்காரருக்கு வலது கையும் காலும் விழுந்திருக்கின்றன. வாய் கொஞ்சம் கோணியிருக்கிறது. ஒகேனக்கலில் எல்லா வலிக்கும் எண்ணெய்தான் மருந்து. குளிர் பிடித்திருக்கிறது என்று ஒரு நாள் முழுக்க எண்ணெய் தேய்த்திருக்கிறார்கள். மறுநாள் மாலைதான் மருத்துவமனைக்குப் போனார்கள். இதைப் படிக்கிறவர்கள் ஒன்றை மட்டும் மனதில் வைக்கலாம். முகம் ஒரு பக்கம் கோணினாலோ, ஒரு கை தூக்க வராவிட்டாலோ, பேச்சு குழறினாலோ எண்ணெயைத் தேடாமல் 108-ஐக் கூப்பிட வேண்டும். மூளையில் அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி நாலரை மணி நேரத்துக்குள் போட்டால்தான் பயன்.

அன்று கூடு விற்ற பணத்தோடு அவர் வீட்டுக்குப் போகவில்லை. பென்னாகரத்தில் இறங்கி அடுத்த பஸ் ஏறி ஊட்டமலைக்குப் போனார். வழியில் ஒரு நகப்பூச்சுப் புட்டி வாங்கினார். சிவப்பு. நிறமில்லாதது கடையில் இல்லை.

பரிசல்காரரின் மனைவி வாசலில் பார்த்து, "வாங்கண்ணா" என்றார். அவ்வளவுதான் வரவேற்பு. உள்ளே கட்டிலில் சாய்ந்திருந்தவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். இவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். வெகுநேரம் யாரும் பேசவில்லை. வெளியே ஆட்டோக்காரர்கள் அருவிக்கு ஆள் கூப்பிடும் சத்தம்.

பிறகு இவர் தீப்பெட்டியைத் திறந்து காட்டினார். "மெழுகுவத்தி ஊத்தினா வெயில்ல இளகிடும்டா. தெரியாதா உனக்கு?"

"தெரியும்" என்றார் அவர், சுவரைப் பார்த்தபடி. வார்த்தை கொஞ்சம் குழறியது. "நகப்பூச்சு மூடி ஒரு கையில தெறக்க வரல."

டீக்கடையில் சொன்னதற்கு மன்னிப்பு கேட்கப்பட்டதா என்றால், இல்லை. இருவரும் அதைப் பேசவில்லை. அன்று சாயங்காலம் வரை உட்கார்ந்து ஐந்து பூச்சி கட்டினார்கள். பரிசல்காரர் இடது கையால் நூலைச் சுற்ற, இவர் முள்ளைப் பிடித்துக்கொண்டார். பிடிப்பான் இல்லாததால் இவர் விரல்தான் பிடிப்பான். இரண்டு தடவை முள் ஏறியது.

கிளம்பும்போது பரிசல்காரரின் மனைவி 5,000 ரூபாய் கொண்டுவந்து நீட்டினார். வேண்டாம் என்று சொல்ல நாக்கு வரை வந்தது. சொல்லவில்லை. எண்ணி வாங்கிக்கொண்டார். வேண்டாம் என்றிருந்தால் அந்த வீட்டில் மறுபடி அவர் உட்கார முடியாது என்கிறார். வீட்டுக்கு வந்து நோட்டில் எழுதி, பாக்கி 35,000 என்று கோடு போட்டார். இப்போது அது 14,000-ஆக இருக்கிறது. மகன் பரிசல் ஓட்டுகிறான், தடை இல்லாத மாதங்களில் கொடுக்கிறான்.

வாரத்துக்கு ஒருநாள் ஊட்டமலை போவது பழக்கமாகிவிட்டது. விரலுக்கு வேலை கொடுங்கள் என்று மருத்துவர் சொன்னதை வைத்து, நூலைச் சுற்றும் வேலையைக் கொஞ்சம் கொஞ்சமாக வலது கைக்கு மாற்றிப் பார்க்கிறார்கள். இறகைப் பிடிக்கிற அளவுக்குக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேருகின்றன. நூல் இறுக்க இன்னும் வரவில்லை. போன பங்குனியில் நாகமரைக்கு மூவருமாகப் போனார்கள். உரிமம் வைத்திருக்கும் மீனவ உறவினர் துணையோடு, மேட்டூர் அணையின் நீர் பின்வாங்கிய கரையில் உட்கார்ந்தார்கள். அணை இறங்கிய நிலத்தில் யாரோ கம்பு விதைத்திருந்தார்கள். காலை முழுக்க ஆறு வெளிச்சி, ஒவ்வொன்றும் விரல் நீளம். பூனைக்குக்கூடப் போதாது என்று நூற்பவர் அலுத்துக்கொண்டார். அவர் வலை போடலாம் என்ற கட்சி.

மாடத்தில் இப்போது பதினான்கு தீப்பெட்டி. மேல் பெட்டியில் எதிர்ப்பக்கம் சுற்றியவை மட்டும். அவற்றைத் தூண்டிலில் மாட்டக் கொடுப்பதில்லை. பழைய செவலை போய்விட்டது, அதன் வாரிசு இந்த ஐப்பசியில் இறகு உதிர்க்கத் தொடங்கியிருக்கிறது. ஓரத்தில் அதே கறுப்புக் கோடு. கூடையில் கழுத்து இறகு பன்னிரண்டு சேர்ந்திருக்கிறது. ஆறு ஊட்டமலைக்கு, ஆறு தர்மபுரிக்கு. இனிமேல் உதிர்வதுதான் அவருக்கு.